தமிழ்நாட்டில் செயற்கை நுண்ணறிவு ஆளுகை

தமிழ்நாட்டில் செயற்கை நுண்ணறிவு ஆளுகை என்பது, தரவுகளில் இருந்து தானே கற்று முடிவெடுக்கும் கணினி முறைகளை அரசும் நிறுவனங்களும் பொதுமக்கள் தொடர்பான செயல்களில் பயன்படுத்தும்போது கடைப்பிடிக்க வேண்டிய கொள்கைகள், சட்டங்கள், தணிக்கை முறைகள், நிறுவன ஏற்பாடுகள் ஆகியவற்றைக் குறிக்கும். 2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட "பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை" இத்துறையில் இந்திய மாநிலங்களிடையே முன்னோடியான ஆவணங்களுள் ஒன்றாகும். நடுவண் அரசின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, உச்ச நீதிமன்றத்தின் தனியுரிமைத் தீர்ப்பு (2017), நடுவண் அரசின் செயற்கை நுண்ணறிவு ஆளுகை வழிகாட்டுதல்கள் (2025) ஆகியனவும் இதன் அடிப்படைகளாக உள்ளன. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் 2024 முதல் நடைமுறைக்கு வந்த மின் நுழைவுச் சீட்டு முறை செயற்கை நுண்ணறிவு அன்று. ஆயினும் கணினி வழி அனுமதி வழங்கலில் எழும் பொறுப்புடைமைக் கேள்விகளை விளங்கிக்கொள்ள அது அண்மைய எடுத்துக்காட்டாக அமைகிறது.

கருத்துரு

ஓர் அலுவலர் ஒருவரின் விண்ணப்பத்தை மறுத்தால், மறுத்தவர் யார், என்ன காரணம், யாரிடம் மேல்முறையீடு செய்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் நிருவாக முறையில் விடை உண்டு. அதே முடிவைக் கணினி எடுக்கும்போது இம்மூன்றும் மறைந்துவிடக்கூடும். செயற்கை நுண்ணறிவு முறைகளுள் பல, கோடிக்கணக்கான எண்களைக் கொண்ட கணித வடிவங்களாக இருப்பதால், ஒரு குறிப்பிட்ட முடிவு ஏன் எட்டப்பட்டது என்பதை உருவாக்கியவராலும் எளிதில் விளக்க இயலாது. பயிற்சிக்குப் பயன்பட்ட தரவில் ஒரு சாரார் குறைவாக இடம்பெற்றிருந்தால் அவர்களைப் பொறுத்தவரை பிழைகள் மிகும். தவறு நேரும்போது மென்பொருளை ஆக்கிய நிறுவனம், வாங்கிய துறை, பயன்படுத்திய அலுவலர் ஆகியோருள் பொறுப்பேற்பவர் யார் என்பதும் தெளிவற்றுப் போகிறது. இக்குறைகளை முன்கூட்டியே அறிந்து தடுப்பதும், நேர்ந்தபின் ஈடுசெய்வதும் பொறுப்புள்ள ஆளுகையின் நோக்கங்களாகும்.

உலகப் பின்னணி

நேர்ந்த தீங்குகள்

* 2018 இல் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, மூன்று நிறுவனங்களின் முகப்பகுப்பாய்வு மென்பொருட்களைச் சோதித்தது. முகத்தைக் கொண்டு பாலினத்தை இனங்காண்பதில் வெளிர்நிற ஆண்களுக்கான பிழை 0.8 விழுக்காட்டை விஞ்சவில்லை. கருநிறப் பெண்களுக்கான பிழை 34.7 விழுக்காடு வரை சென்றது.
* நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்தவர்களாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டன. வரித்துறை பயன்படுத்திய இடர் மதிப்பீட்டு முறை அயல்நாட்டுக் குடியுரிமையையும் ஓர் இடர்க்குறியாகக் கொண்டிருந்தது. இவ்விவகாரத்தால் 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவை பதவி விலகியது.
* ஆஸ்திரேலியாவில் "ரோபோடெட்" எனப்பட்ட திட்டம், நலத்தொகை பெற்றோரின் ஆண்டு வருமானத்தைச் சராசரியாகப் பிரித்து, அவர்கள் அரசுக்குக் கடன்பட்டிருப்பதாகத் தானியங்கி அறிவிக்கைகளை அனுப்பியது. இத்திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது எனப் பின்னர் தெரியவந்தது. இதனை ஆராய்ந்த அரச ஆணையம் 2023 ஜூலையில் தன் அறிக்கையை அளித்தது.

இவற்றுள் மூன்றாவதில் பயன்பட்டது எளிய கூட்டல் வகுத்தல் கணக்கே ஆகும். பெருமளவில் தீங்கு விளையச் சிக்கலான செயற்கை நுண்ணறிவு தேவையில்லை என்பதையும், மனித மேற்பார்வை நீக்கப்படுவதே போதுமானது என்பதையும் அது காட்டியது.

சட்டங்களும் உடன்பாடுகளும்

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2019 மே மாதத்தில் செயற்கை நுண்ணறிவுக் கோட்பாடுகளை ஏற்றது. 2021 நவம்பரில் யுனெசுக்கோவின் 193 உறுப்பு நாடுகள் செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகள் குறித்த பரிந்துரையை ஏற்றுக்கொண்டன. இவ்விரண்டும் சட்டப்படி கட்டாயப்படுத்துவன அல்ல.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இது பயன்பாடுகளை அவற்றின் இடரைப் பொறுத்து வகைப்படுத்துகிறது. குடிமக்களுக்குச் சமூக மதிப்பெண் இடுதல் போன்றவை முற்றாகத் தடை செய்யப்பட்டுள்ளன. இத்தடைகள் 2025 பெப்ரவரி 2 முதல் செயற்படுகின்றன. வேலைவாய்ப்பு, கல்வி, கடன் தகுதி, காவல்துறை போன்றவற்றில் பயன்படும் முறைகள் உயர் இடர் உடையனவாகக் கருதப்பட்டு, அவற்றுக்கு ஆவணப்படுத்தல், மனித மேற்பார்வை, தரவுத் தரம் ஆகிய கடமைகள் விதிக்கப்பட்டுள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் 2023 அக்டோபரில் வெளியான குடியரசுத் தலைவரின் நிருவாக ஆணை 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. ஆட்சி மாற்றத்தால் நிருவாக ஆணைகள் மறைந்துபோகும் என்பதற்கு இது சான்றாகும்.

2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கிலும், 2024 மே மாதத்தில் சியோலிலும், 2025 பெப்ரவரியில் பாரிசிலும் பன்னாட்டு மாநாடுகள் நடைபெற்றன. பாரிசு மாநாட்டுக்கு இந்தியா இணைத் தலைமை ஏற்றது.

இந்தியா

இந்தியாவில் செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. நிதி ஆயோக் 2018 ஜூன் மாதத்தில் தேசிய செயற்கை நுண்ணறிவு வியூகத்தையும், 2021 இல் பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆவணத்தை இரு பகுதிகளாகவும் வெளியிட்டது.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. அதனைக் கட்டுப்படுத்தும் அரசின் செயல் சட்டத்தின் அடிப்படையிலும், முறையான நோக்கத்துடனும், நோக்கத்துக்கு ஏற்ற அளவிலும் இருத்தல் வேண்டும் என்பது இத்தீர்ப்பில் இருந்து பெறப்படும் அளவுகோலாகும். எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைப்படுத்தப்படுகின்றன. அரசு அமைப்புகளுக்குச் சட்டத்தில் இருந்து விலக்களிக்க நடுவண் அரசுக்கு இதில் அதிகாரம் உள்ளது.

2025 நவம்பரில் நடுவண் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சு "இந்திய செயற்கை நுண்ணறிவு ஆளுகை வழிகாட்டுதல்கள்" என்ற ஆவணத்தை வெளியிட்டது. இதனை வரைந்த குழுவுக்கு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சென்னையின் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன் தலைமை தாங்கினார். ஏழு கோட்பாடுகளை முன்வைக்கும் இவ்வாவணம், புதிய சட்டம் இயற்றுவதைவிட நடப்பிலுள்ள சட்டங்களைப் பயன்படுத்துவதையே பரிந்துரைக்கிறது. சென்னையிலுள்ள இக்கழகத்தில் பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவுக்கான மையம் ஒன்றும் இயங்குகிறது.

நலத்திட்டங்களில் தானியங்கி முடிவெடுப்பு விளைவிக்கும் சிக்கலை தெலங்கானா மாநிலம் எதிர்கொண்டது. அங்கு கணினித் தரவுப் பொருத்தலின் அடிப்படையில் பெரும் எண்ணிக்கையிலான குடும்ப உணவு அட்டைகள் நீக்கப்பட்டன. நீக்கப்பட்ட அட்டைகளைக் களத்தில் நேரில் சரிபார்க்குமாறு 2022 இல் உச்ச நீதிமன்றம் அம்மாநில அரசைப் பணித்தது. ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கணினியின் தவறு மாத அரிசியின் இழப்பாக வந்து சேர்கிறது என்பதால் இவ்வழக்கு முக்கியத்துவம் பெறுகிறது.

தமிழ்நாட்டின் கொள்கை, 2020

தமிழ்நாட்டின் கொள்கை, அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமியால் 2020 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. தொடரேட்டுத் தொழில்நுட்பம், இணையப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான கொள்கைகளும் அப்போதே வெளிவந்தன. மாநிலத் தகவல் தொழில்நுட்பவியல் துறையின் கீழுள்ள தமிழ்நாடு மின் ஆளுமை முகமை இதில் முதன்மைப் பங்காற்றியது. அரசுத் துறைகள் செயற்கை நுண்ணறிவு முறைகளைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முன்னர் அவற்றை மதிப்பிட வேண்டும் என்பது இக்கொள்கையின் மையக் கருத்தாகும். இதற்காக இரு கருவிகள் வகுக்கப்பட்டன.

"டாம்-டெஃப்" என்னும் சட்டகம், ஒரு திட்டத்தைக் கொள்கை நோக்கில் ஆராய ஆறு கூறுகளைத் தருகிறது:

* வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும்
* பொறுப்புடைமையும் சட்டச் சிக்கல்களும்
* தவறான பயன்பாட்டில் இருந்து பாதுகாப்பு
* எண்ணிமப் பிளவும் தரவுப் பற்றாக்குறையும்
* நெறிமுறை
* நேர்மையும் சமத்துவமும்

"டீப்-மேக்ஸ்" என்னும் மதிப்பெண் அட்டை, குறிப்பிட்ட ஒரு மென்பொருளுக்கு மதிப்பெண் இடுவதற்கானது. பன்மை, சமத்துவம், நெறிமுறை, தனியுரிமை, தவறான பயன்பாட்டுத் தடுப்பு, தணிக்கை, வெவ்வேறு நிலப்பகுதிகளிலும் சமூகங்களிலும் சீராகச் செயற்படுதல் என ஏழு அளவைகளை இது கொண்டுள்ளது. இறுதி அளவை குறிப்பிடத்தக்கது. பெருநகர் ஒன்றில் சோதிக்கப்பட்ட முறை மலைக் கிராமத்திலும் அதே தரத்துடன் இயங்கும் எனக் கொள்ளமுடியாது என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

இக்கொள்கை சட்டமன்றம் இயற்றிய சட்டம் அன்று. இதனை மீறினால் தண்டனையோ, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டு உரிமையோ இதனால் உண்டாவதில்லை. 2024 இல் மாநில அரசு தமிழ்நாடு செயற்கை நுண்ணறிவு இயக்கத்தைத் தொடங்கியது.

தமிழ்நாட்டில் பயன்பாடுகள்

நலவாழ்வும் வேளாண்மையும்

மின் ஆளுமை முகமை உருவாக்கிய "இ-பார்வை" என்னும் செயலி, கைபேசியில் எடுத்த கண்ணின் படத்தைக் கொண்டு கண்புரை இருப்பதைக் கணிக்கிறது. பயிரின் படத்தை அனுப்பி நோயையும் பூச்சியையும் அறியும் வசதியும் உழவர்களுக்காக உருவாக்கப்பட்டது. இத்தகைய பயன்பாடுகளில் முறை ஆலோசனை மட்டுமே கூறுகிறது; இறுதி முடிவு மருத்துவரிடமோ உழவரிடமோ உள்ளது. எனவே இவற்றின் இடர் ஒப்பீட்டளவில் குறைவு எனலாம். ஆயினும் நோய் இல்லை எனத் தவறாகக் கூறப்பட்டவர் மருத்துவமனைக்குச் செல்லாமல் இருந்துவிடக்கூடும்.

காட்டுயிர்ப் பாதுகாப்பு

கோயம்புத்தூர் மாவட்டம் மதுக்கரைப் பகுதியில் தொடருந்து மோதி யானைகள் இறப்பதைத் தடுக்க, 2024 பெப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு முறை தொடங்கப்பட்டது. ரூ. 7.24 கோடி செலவிலான இம்முறையில் 12 கோபுரங்களில் வெப்பப் படக்கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. தண்டவாளத்தை யானை நெருங்கும்போது வனத்துறைக்கும் தொடருந்துத் துறைக்கும் எச்சரிக்கை செல்கிறது. மனிதரின் தனிநபர் தரவைச் சாராமல் உயிர்காக்கும் பயன்பாட்டுக்கு இது எடுத்துக்காட்டாகும். இங்கும் இருவகைப் பிழைகள் உண்டு. தேவையற்ற எச்சரிக்கை தொடருந்தைத் தாமதப்படுத்தும்; தவறவிட்ட எச்சரிக்கை யானையைக் கொல்லும். எதனை எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்வது என்பது மனிதர் எடுக்கவேண்டிய முடிவாகும்.

காவல்துறை

தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முகமறிதல் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறது. ஐயத்துக்குரியவரின் படத்தைக் குற்றவாளிகள், காணாமற்போனோர் ஆகியோரின் படங்களுடன் இது ஒப்பிடுகிறது. 2024 மே மாதத்தில் இதன் இணையவாயிலில் ஊடுருவல் நிகழ்ந்து தரவுகள் கசிந்தன. கடவுச்சொல் களவாடப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற இயலாது. எனவே உயிரியளவுத் தரவுகளின் கசிவு பிற கசிவுகளைவிடக் கடுமையானதாகக் கருதப்படுகிறது. முகமறிதலுக்கெனத் தனிச் சட்டம் இல்லாத நிலையில், யாருடைய படம் எவ்வளவு காலம் சேமிக்கப்படும் என்பது நிருவாக முடிவாகவே உள்ளது.

கொடைக்கானல் மின் நுழைவுச் சீட்டு

பழனி மலைத்தொடரில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த கொடைக்கானலுக்குக் கோடைக் காலத்தில் பெருந்தொகையான வாகனங்கள் வருகின்றன. கொடைக்கானல், நீலகிரி மலைகளின் தாங்குதிறன் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி ஆகியோரைக் கொண்ட சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, 2024 ஏப்ரலில் இரு இடங்களுக்கும் மின் நுழைவுச் சீட்டு முறையைக் கொண்டுவருமாறு ஆணையிட்டது. 2024 மே 7 முதல் இது நடைமுறைக்கு வந்தது. முதலில் ஜூன் 30 வரை என இருந்த காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. மின் ஆளுமை முகமையின் இணையத்தளத்தில் வாகன எண், பயணிகளின் எண்ணிக்கை, புறப்படும் இடம், தங்கும் நாட்கள், தங்குமிடம் போன்றவற்றைப் பதிந்தால் சீட்டுக் கிடைக்கும்.

முதலாண்டில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. விண்ணப்பித்த அனைவருக்கும் சீட்டு வழங்கப்பட்டது. மலை எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்பதை ஆராயத் தேவையான தரவைத் திரட்டுவதே அப்போதைய நோக்கமாகும். இவ்வாய்வுக்கு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சென்னையையும் இந்திய மேலாண்மைக் கழகம் பெங்களூரையும் ஈடுபடுத்த நீதிமன்றம் பணித்தது. 2025 மார்ச்சில் பிறப்பித்த ஆணையில், ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை பின்வரும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது:

* கொடைக்கானல்: வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள்.
* நீலகிரி: வார நாட்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள்.

உள்ளூர் வாகனங்கள், அரசுப் பேருந்துகள், விளைபொருள் ஏற்றிச்செல்லும் வாகனங்கள் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சுற்றுலாவை நம்பி வாழும் வணிகர்களும் விடுதி நடத்துவோரும் வருவாய் குறையும் என எதிர்ப்புத் தெரிவித்தனர். நீலகிரியில் 2025 ஏப்ரலில் கடையடைப்பும் நடந்தது.

முன்வரலாறு

கணினி வழிப் பயண அனுமதி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது மாவட்டங்களுக்கு இடையே செல்ல மின் நுழைவுச் சீட்டுக் கட்டாயமாக இருந்தது. திருமணம், இறப்பு, மருத்துவம் ஆகிய காரணங்களுக்காக விண்ணப்பித்தவர்களுள் பலர், காரணம் தெரியாமலே தங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டதாகக் குறைகூறினர். இடைத்தரகர்கள் பணம் பெற்றுச் சீட்டு வாங்கித் தந்த நிகழ்வுகளும் வெளிவந்தன. 2020 ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் உடனடியாகச் சீட்டு வழங்கப்படும் என அரசு அறிவித்தது. அம்மாத இறுதியில் பொதுவான சீட்டு முறை கைவிடப்பட்ட பின்னரும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலை வாழிடங்களுக்குச் செல்வோருக்கு அது தொடர்ந்தது.

எழும் கேள்விகள்

உச்சவரம்பு விதிக்கப்பட்டவுடன் ஒரு சீட்டு முறை தரவு திரட்டும் கருவி என்ற நிலையில் இருந்து, யாரை அனுமதிப்பது எனத் தீர்மானிக்கும் கருவியாக மாறுகிறது. முதலில் விண்ணப்பித்தோருக்கு முதலிடம் என்ற விதி நேர்மையானதாகத் தோன்றினும், இணைய வசதியும் முன்கூட்டித் திட்டமிடும் வாய்ப்பும் உடையோருக்கே அது சாதகமாகும். உறவினரின் இறப்புக்குத் திடீரென வரும் வெளியூரார் விடுமுறைப் பயணியுடன் ஒரே வரிசையில் நிற்கிறார். திரட்டப்பட்ட தொலைபேசி எண்களும் பயண விவரங்களும் எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்பதும், தாங்குதிறன் ஆய்வுக்கன்றி வேறு நோக்கங்களுக்குப் பயன்படுத்தப்படுமா என்பதும் பொதுமக்கள் அறியவேண்டியவை.

எதிர்காலத்தில் போக்குவரத்து முன்கணிப்பைக் கொண்டு உச்சவரம்பை நாள்தோறும் மாற்றும் முறை புகுத்தப்படுமாயின், டாம்-டெஃப் சட்டகத்தின் ஆறு கூறுகளும் இதற்குப் பொருந்தும். மறுபுறம், கட்டுப்பாடின்மையும் நடுநிலையானதன்று. நெரிசலில் சிக்கும் மருத்துவ ஊர்தியும், குப்பையும், நீர்ப்பற்றாக்குறையும், சோலைக்காடுகளின் சிதைவும் மலைவாழ் மக்களின் மீதே சுமையாக விழுகின்றன.

பழனி மலையும் தரவுப் பற்றாக்குறையும்

கொடைக்கானலில் 1899 இல் நிறுவப்பட்ட சூரிய வானாய்வகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறது. கண்ணாடித் தகடுகளில் இருந்த இப்படங்கள் எண்ணிமமாக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. சூரியப் புள்ளிகளையும் பிற கூறுகளையும் இனங்காண இவற்றின் மீது பொறிக்கற்றல் முறைகள் பயன்படுத்தப்படுகின்றன. நீண்டகாலம் ஒரே முறையில், தெளிவான குறிப்புகளுடன் திரட்டப்பட்ட தரவு எத்துணை மதிப்புடையது என்பதற்கு இது சான்று.

அதே மலையில் வாழும் பளியர் போன்ற பழங்குடியினரின் நிலை இதற்கு எதிரானது. அவர்களின் பேச்சு வழக்கு, வாழிடம், பயிர்முறை ஆகியவை பற்றிய எண்ணிமத் தரவுகள் மிகக் குறைவு. தமிழில் குரலறிதல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கான திறந்த தரவுகளை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சென்னையின் "ஏஐ4பாரத்" ஆய்வகம் திரட்டி வருகிறது. எனினும் பொதுத் தமிழில் பயிற்சி பெற்ற குரல்வழிச் சேவை மலைவாழ் மக்களின் பேச்சைப் புரிந்துகொள்ளாது போகலாம். சமவெளிப் பயிர்ப் படங்களில் பயிற்சி பெற்ற செயலி, 2019 இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டின் நோயைத் தவறாகக் கூறலாம். தரவில் இல்லாதவர் திட்டத்திலும் இல்லாது போவர் என்பதே தரவுப் பற்றாக்குறை என்ற கூறின் பொருளாகும். அதேவேளை, அவர்களைப் பற்றிய தரவைத் திரட்டுவது அவர்களின் இசைவுடன் நடைபெற வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் இடையிலான சமநிலை எளிதன்று.

திறனாய்வுகள்

மேற்கூறிய கொள்கை, வழிகாட்டுதல் ஆகியவற்றின் மீது பொதுவாக முன்வைக்கப்படும் திறனாய்வுகள் பின்வருமாறு:

* கட்டாயமின்மை: மாநிலக் கொள்கையும் நடுவண் வழிகாட்டுதல்களும் சட்ட வலுவற்றவை. மதிப்பீடு செய்யாமல் ஒரு துறை மென்பொருளைப் பயன்படுத்தினால் அதனைத் தடுக்கும் தனி அமைப்பு இல்லை.
* வெளிப்படைத்தன்மை: டீப்-மேக்ஸ் போன்ற மதிப்பெண் அட்டை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டால்தான் பயன்தரும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதற்கு ஒரு வழியாகும். ஆனால் 2023 ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தகவல் தொடர்பான அதன் பிரிவைத் திருத்தியமை, தகவல் பெறுவதைக் கடினமாக்கும் எனத் தகவல் உரிமைச் செயற்பாட்டாளர்கள் கருதுகின்றனர்.
* மேல்முறையீடு: கணினியின் முடிவால் பாதிக்கப்பட்டவர் ஒரு மனிதரிடம் முறையிடுவதற்கான உரிமை தெளிவாக வரையறுக்கப்படவில்லை.
* மொழி: ஆளுகை பற்றிய ஆவணங்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. எனவே பாதிக்கப்படக்கூடியவர்களே அவற்றைப் படிக்க இயலாத நிலை உள்ளது.

கடுமையான சட்டங்கள் புதிய கண்டுபிடிப்புகளைத் தடுக்கும் என்றும், சிறு நிறுவனங்களால் தணிக்கைச் செலவைத் தாங்க இயலாது என்றும் எதிர்த்தரப்பினர் வாதிடுகின்றனர். பயன்பாட்டின் இடருக்கு ஏற்பக் கடமைகளை விதிப்பதே இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடைப்பட்ட வழியாக முன்வைக்கப்படுகிறது. இதன்படி யானைக் கண்காணிப்புக்கும் கண்புரைக் கணிப்புக்கும் எளிய நடைமுறையும், உணவு அட்டையை நீக்கும் முறைக்கும் முகமறிதலுக்கும் கடுமையான முன்மதிப்பீடும் வேண்டப்படும்.

இவற்றையும் பார்க்க

* செயற்கை நுண்ணறிவு
* மின்னாளுகை
* தனியுரிமை
* தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005
* கொடைக்கானல்
* பழனி மலை
* கொடைக்கானல் சூரிய வானாய்வகம்